பேர் போட்ட பெஞ்சுகள் வீடு திரும்பிய ஐப்பசி

சந்தியாவூர் மோனிக்கம்மா பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெஞ்சுகளும் மின்விசிறிகளும் கரும்பலகைகளும் தங்களைத் தானமாகக் கொடுத்தவர்களின் வீடுகளுக்கே திரும்பிப் போயிருந்த அந்த ஐப்பசித் திங்கட்கிழமை காலையில், அமலோற்பவம் டீச்சர் இந்திய வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்குள் நுழைந்தபோது, பிள்ளைகள் எல்லாரும் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதுவும் குறையாதவர்கள் போல ராகம் இழுத்து வணக்கம் சொன்னார்கள்.

“பெஞ்செல்லாம் எங்கட்டி?”

“வீட்டுக்குப் போயிட்டு டீச்சர்,” என்றாள் பிலோமி. அவள் டீச்சரின் சொந்த மகள்தான். ஆனால் வகுப்புக்குள் டீச்சர், வாசலைத் தாண்டினால் அம்மா என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்.

“எந்த வீட்டுக்கு?”

“அதது முதுகுல யார் பேர் எழுதியிருக்கோ அந்த வீட்டுக்கு. நம்ம பெஞ்செல்லாம் மேலத்தெருவுல தொம்மையப்பன் முதலாளி வீட்டு ஹாலுல இருக்கு. வரும்போது பார்த்தோம். சோபாவை ஓரமாத் தள்ளிட்டு வரிசையா நிக்குது.”

அமலோற்பவம் சரி என்று தலையாட்டிவிட்டு, கரும்பலகை இருந்த இடத்தில் வெளுத்துப் போய் நின்ற சுவரைப் பார்த்தாள். பெஞ்சு நடந்து போனதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இதைவிட நம்பமுடியாத விஷயங்களையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். அது போய்ச் சேர்ந்த வீடுதான் நெஞ்சில் கல்லாக இறங்கியது. தொம்மையப்பன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். பிலோமிக்கு என்ன வயதோ அதைவிட ஒரு வயது கூட, அண்ணனும் தங்கையும் பேசாமல் இருந்த காலத்துக்கு.

சந்தியாவூர் மேலத்தெருவில் யாரும் பேர் போடாமல் எதையும் கொடுத்ததில்லை. பெஞ்சின் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘உபயம்’ என்று எழுதி, அதற்குக் கீழே கொடுத்தவர் பேர், அவர் கடையின் பேர், செத்துப்போன அப்பாவின் பேர், நினைவுநாள் எல்லாம் எழுதுவார்கள். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பேர் எழுதுவார்கள், சுற்றும்போது எதுவும் தெரியாது என்பதால் நிறுத்தி வைக்கச் சொன்ன புண்ணியவான்களும் உண்டு. டியூப் லைட்டில் வெளிச்சம் வருவதற்கு மிச்ச இடமே இல்லாமல் குடும்பம் மொத்தத்தையும் எழுதி, அந்தக் குடும்பத்து நிழலில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தார்கள். ஆண்டுவிழா அன்று கீழத்தெருப் பிள்ளைகளை மேடையேற்றி, கும்பிட்ட கையோடு நிற்க வைத்து, நோட்டும் உடுப்பும் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். போட்டோவுக்குக் கை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் இன்னொரு தடவை கும்பிடச் சொல்வார்கள். இதெல்லாம் தர்மம் என்றால், வியாபாரம் என்று எதைச் சொல்வார்களோ தெரியாது.

அப்படிக் கொடுத்ததெல்லாம்தான் இப்போது வீடு திரும்பியிருந்தது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஆரோக்கியநாதர் வீட்டு வேப்பமரத்தில் பள்ளிக்கூடத்து மணி தொங்கியது. பிரியாணிக்கடை காசிம் பாய் கொடுத்த தண்ணீர்த் தொட்டி, நிரம்பிய தண்ணீரோடு, அவர் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. பாய் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பிள்ளைகளுக்குத் தண்ணி வேணுமே, இங்க வந்து குடிச்சுக்கிடட்டும்” என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார். மருந்துக்கடைக்காரர் வீட்டில் ஆறு மின்விசிறிகள் கூரையில் இடம் போதாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றின.

எல்லாரும் அவரவர் உபயத்தை மாட்டுவண்டியிலும் ஆட்டோவிலும் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். மறுநாள் விடிந்தபோது எல்லாம் வீட்டில் இருந்தது. தொம்மையப்பன் தன் கடை லாரியிலேயே பெஞ்சுகளை ஏற்றிவந்து, வகுப்பறைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் பெஞ்சுகளும் ஹாலில் இருந்தன, பூட்டும் ஹாலில் இருந்தது. பூட்டிலும் அவர் கடைப் பேர்தான்.

கோயில் பாதிரியாரான பங்குச்சாமி, மேலிடமான ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். “கொஞ்சம் பொறுத்துப் பாருங்க சாமி” என்று அங்கிருந்து பதில் வந்தது. இந்தப் பதிலை அவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப்பேரவை பள்ளிக்கூடத்திலேயே கூடியது. பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்ல, மருந்துக்கடைக்காரர் சுரண்டிப் பார்த்தாயிற்று என்றும், சுரண்டியது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஃபேஸ்புக்கில் போட்டும் மின்விசிறி வீட்டைவிட்டு அசையவில்லை என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்துப் புனிதை மோனிக்கம்மாவுக்கு ஏதோ மனக்குறை, ஒன்பது நாள் செபமாக ஒரு நவநாள் சொல்லலாம் என்று சிலர். அப்போது கீழத்தெருவிலிருந்து வந்து கடைசியில் நின்றிருந்த அரசு பஸ் கண்டக்டர் சிங்கராயன், “எங்க தெருவுக்கு ஒண்ணுமே திரும்பி வரலயே சாமி, எங்களை மட்டும் ஏன் விட்டுட்டு?” என்று கேட்டார்.

“நீங்க என்னத்தக் குடுத்திய, திரும்பி வர?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“சுவரைக் குடுத்தோம். பள்ளிக்கூடம் கட்டும்போது கல்லுச் சுமந்தது எங்க தெரு ஆளுக. அதுல பேர் எழுத யாரும் பெயின்ட் தரல. அதான் போலிருக்கு, நின்ன எடத்துலயே நிக்குது.”

கூட்டம் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தது. பிறகுதான் யாருக்கோ உறைத்தது, வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு கை எடுத்து வைத்து, ஒரே சாக்கில் கொட்டிச் சேர்க்கிற பிடியரிசி எங்கேயும் போகவில்லை என்று. எது யார் வீட்டு அரிசி என்று அந்தச் சாக்குக்கே தெரியாது. அதனால் மதியக் கஞ்சி வழக்கம் போலக் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

தலைமையாசிரியை சிஸ்டர் கொன்சாகா அதுவரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“பெஞ்சு பிள்ளைககிட்ட வரமாட்டேங்கு. சரி, பிள்ளைக பெஞ்சுகிட்டப் போகட்டும். நாளையிலருந்து யார் வீட்டுல பெஞ்சு இருக்கோ அங்க வகுப்பு. யார் வீட்டுல போர்டு இருக்கோ அங்க கணக்கு.”

மேலத்தெரு நெளிந்தது. எல்லாப் பிள்ளைகளுமா சிஸ்டர், என்று ஒரு குரல் சுற்றி வளைத்துக் கேட்டது. கேட்டவருக்கு என்ன வேண்டும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த வீடுகளின் வாசலில் நின்று பழைய சோறு வாங்கிய கீழத்தெருப் பிள்ளைகள் உண்டு, வாசற்படியைத் தாண்டிய பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

“எல்லாப் பிள்ளைகளும்தான். உங்க பேர் எங்க இருக்கணும்னு ஆசைப்பட்டியளோ அங்க எங்க பிள்ளைக இருக்கும். வேண்டாம்னா சொல்லுங்க, இன்னார் உபயத்தை வாபஸ் வாங்கிட்டாருன்னு ஞாயித்துக்கிழமை பூசையில அறிவிச்சிருவோம்.”

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படியாக மோனிக்கம்மா பள்ளிக்கூடம் ஊர் முழுக்கப் பரவியது. ஆறாம் வகுப்பு மருந்துக்கடைக்காரர் வீட்டு ஆறு மின்விசிறிக்குக் கீழே காகிதம் பறக்கப் பறக்கப் படித்தது. கணக்குப் பாடத்துக்கு எல்லா வகுப்பும் வரிசையாக நடந்து தபால்காரர் வீட்டுக் கரும்பலகைக்குப் போனது. ஆரோக்கியநாதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மணியடித்தார். முதல் வாரம் தலையெழுத்தே என்று அடித்தவர், இரண்டாம் வாரத்தில், பேரன் வந்து நான் அடிக்கட்டுமா என்று கேட்டபோது தரமாட்டேன் என்று சண்டை போட்டார். பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தால் அந்தந்த வீட்டு அடுக்களைப் பானையில் மொண்டு குடித்தார்கள், ஏனென்றால் தொட்டி காசிம் பாய் கடையில் இருந்தது, கடை ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது. முதல் நாள் சில வீடுகளில் தனியாக ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வைத்தார்கள். பிள்ளைகள் கூட்டமாக வந்து கையில் அகப்பட்டதில் மொண்டார்கள். எது தனி டம்ளர் என்று காவல் நிற்க யாருக்கும் பொழுதில்லாமல் போனது.

எல்லாம் சரி. ஆனால் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு அமலோற்பவம்தான் டீச்சர், அவள் போக வேண்டியது தொம்மையப்பன் வீட்டுக்கு.

அப்பா செத்தபோது தொம்மையப்பன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார். படிப்பை அப்படியே விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். ஆணியும் பெயின்ட்டும் விற்றுத் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பினார். அவள் கல்லூரிக்குப் போன பஸ்ஸில் சிங்கராயன் கண்டக்டர். கீழத்தெரு சிங்கராயன். ஒரே கோயில், ஒரே நற்கருணை, ஒரே மோனிக்கம்மா, ஆனாலும் கல்யாணம் என்று வந்தபோது தொம்மையப்பன் தன் வீட்டு வாசலில் குறுக்கே நின்று, “இந்த வாசல்ல இனி உனக்கு வேலை இல்ல. நான் போட்ட படிப்பை எடுத்துட்டுக் கீழத்தெருவுல போய்க் குப்பையில கொட்டு” என்றார். “நீங்களா வெளிய வந்து எங்க ரெண்டு பேரையும் கூப்பிடாம நானும் படியேற மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். பிலோமி முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்குத் தாய்மாமன் எடுத்துத் தர வேண்டிய வெள்ளை உடுப்பு வரவில்லை. சிங்கராயன் ஓவர்டைம் பார்த்து எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று சாமி சொல்லும்போது, அமலோற்பவம் திரும்பிக் கைகூப்புவாள், தொம்மையப்பன் அந்த நேரம் பார்த்துக் கோயில் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று ஆராய்வார்.

வீடுகளில் வகுப்பு தொடங்கிய அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைகள் படியேறி ஹாலுக்குள் போய் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிலோமியும் போனாள், அவள் யாரோடும் சபதம் போடவில்லை. அமலோற்பவம் முற்றத்தோடு நின்றுவிட்டாள். சுற்றிப்போய் ஹால் சன்னலுக்கு வெளியே நின்று, கம்பியில் வரைபடத்தைக் கட்டி, “இந்தியாவின் காலநிலை. எல்லாரும் இங்க பாருங்க” என்று பாடத்தை ஆரம்பித்தாள்.

வகுப்பு உள்ளே, டீச்சர் வெளியே என்று அது நாள்தோறும் நடந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் காலைக் காப்பியை வாசலுக்கு எடுத்துவந்து குடிக்கப் பழகினார்கள். சந்தை நாள்களில் கூட்டம் கொஞ்சம் கூடும். பட்டிமன்றம் போல ஊரே இரண்டு கட்சியாக நின்று, அண்ணன் கூப்பிட வேண்டுமா தங்கை ஏற வேண்டுமா என்று வாதாடியது.

பங்குச்சாமி வந்து பார்த்தார். “ஒப்புரவாகிச் சமாதானமாகணும்னா யாராவது ஒருத்தர் தாழ்ந்து போகணும்மா.”

“சாமி, தாழ்ந்து போங்கன்னு எப்பவும் கீழத்தெருக்காரங்ககிட்டயே வந்து சொல்லுதியளே, ஏன்? நாங்க ஏற்கெனவே தாழத்தான் இருக்கோம். அங்க மேல நிக்கிறவங்களை ஒரு படி இறங்கச் சொல்லுங்க, கணக்கு சரியாயிரும்.”

“மன்னிப்புக் கேட்டா உனக்கு என்ன குறைஞ்சிரும்?”

“செஞ்ச தப்புக்குக் கேட்கலாம் சாமி. நீங்களே எங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணி மந்திரிச்சு வச்ச கல்யாணம் அது. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு நீங்களும்ல கேட்கணும்.”

சாமி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒப்புரவைப் பற்றி மேற்கொண்டு பேசுவது கஷ்டமாக இருந்ததால், பருவக்காற்று பற்றிக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனார்.

தொம்மையப்பன் கடைக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்தார். ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு செய்தித்தாளைப் பிரிப்பார். பக்கம் புரளும் சத்தமே கேட்காது. ஒருநாள் அமலோற்பவம், “தமிழ்நாட்டுக்கு அதிக மழை குடுக்கிறது எந்தக் காற்று?” என்று கேட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் ஒரு இருமல் வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, “வடகிழக்கு” என்று ஒரு குரல் வந்தது.

“உள்ளருந்து யாரோ சரியாச் சொல்லியிருக்காங்க,” என்றாள் டீச்சர். “கையைத் தூக்கிட்டுச் சொல்லணும்னு அவங்களுக்குச் சொல்லுங்கட்டி.”

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. திரை அசையவில்லை.

அண்ணன் பெண்டாட்டி தெக்ளா, இரண்டு பக்கமும் நடந்து நடந்து கால் தேய்ந்தவள், சன்னல் கம்பி வழியாக வாழையிலைத் துண்டில் சுண்டலை நீட்டிக்கொண்டே கிசுகிசுத்தாள்.

“ஏட்டி அமலி, அவிய மனசு இளகித்தான் இருக்கு. நேத்து ராத்திரி உன் பாடத்தை எங்கிட்டயே ஒப்பிச்சாவ. நீ ஒரு எட்டு உள்ள வந்தா என்ன?”

“கூப்பிடச் சொல்லுங்க மைனி.”

“அவியளுக்கு என்ன ஆத்தாமைன்னா, நாம படிப்பை விட்டுட்டு இவளைப் படிக்க வச்சோமே, படிச்சு முடிச்சு நம்ம வீட்டுக்குன்னு நிக்காமப் போயிட்டாளேன்னு.”

அமலோற்பவத்தின் கையில் சுண்டல் அப்படியே நின்றது. திரைக்குப் பின்னாலும் கேட்கட்டும் என்றுதான் அவள் குரலை உயர்த்தினாள்.

“மைனி, அண்ணன் எனக்காகப் படிப்பை விட்டாங்க. அதை நான் ஒரு நாளும் மறந்ததில்ல, தினமும் செபத்துல சொல்லுதேன். ஆனா எனக்குக் குடுத்த படிப்பு மேலயும் அவங்க பேரை எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. அவங்க பேர் போட்டது எல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டு. நான் வரமாட்டேன். நான் என்ன பெஞ்சா, திரும்பி வர?”

அன்று மதியம் தொம்மையப்பன் கடைக்குப் போகவேயில்லை.

மறுநாள் முதல் அவர் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். டீச்சர் நின்றபடியே பாடம் நடத்துகிறாள் என்று தெக்ளா மூலமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சன்னலுக்கு வெளியே போடச் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி மைனி என்று சொல்லிவிட்டு உட்காரப் போனாள். நாற்காலி இல்லை. அது ஹாலில், திரைக்கு முன்னால், முதுகில் ‘தொம்மையப்பன் ஹார்டுவேர்ஸ்’ என்ற எழுத்தோடு நின்றது. பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் காப்பி அனுப்பினார். அவள் உதட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே டம்ளர் அடுக்களை அலமாரிக்குப் போய்விட்டது, சூடு ஆறாத காப்பியோடு. தெக்ளாவின் வாழையிலைச் சுண்டல் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் இதையெல்லாம் பருவக்காற்றின் திசை போல ஊன்றிக் கவனித்தார்கள்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் ஓட்டிலும் தகரத்திலும் கொட்டு மேளமாகப் பெய்த ஒரு வியாழக்கிழமை, அமலோற்பவம் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, வரைபடத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டு, மழைக்கு மேலே குரல் கொடுத்து மழையைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தாள். அன்று பணி ஓய்வு என்பதால் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சிங்கராயன், சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். அவரும் அந்தக் கேட்டைத் தாண்டுவதில்லை.

“வீட்டுக்குப் போங்களேன், நனையுதிய,” என்றாள் அவள்.

“நீ பாடம் எடு. கூரை ஒழுகாத பஸ்ஸையே நான் இன்னும் பார்த்ததில்ல, இந்த மழை என்னை என்ன பண்ணும்?”

உள்ளேயிருந்து ஒரு குடை வந்தது. கடைப் பேர் அச்சடித்த, நல்ல அகலக் குடை. தெக்ளா ஓடிவந்து நாத்தனார் கையில் கொடுத்தாள். அமலோற்பவம் விரித்துப் பிடித்து, ‘வங்காள விரிகுடாவில் உருவாகும்’ என்று சொல்லி முடிப்பதற்குள் கை வெறுங்கையாகியது. குடை ஹால் நடுவில் விரிந்தபடி சொட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு குடை வந்தது. அதுவும் போனது. ஹாலில் குடைகள் சேரச் சேர, பிள்ளைகள் கால்களைப் பெஞ்சுமேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு தொம்மையப்பன் வெளியே வந்தார். இத்தனை நாள் குரலாகவும் இருமலாகவும் இருந்தவரைப் பிள்ளைகள் அன்றுதான் முழு ஆளாகப் பார்த்தார்கள்.

“நான் குடுக்கிறது எதையும் அவ வச்சுக்கிடவே மாட்டாளா?” என்று பொதுவாகக் கேட்டார்.

“அம்மா வேண்டாம்னு சொல்லல மாமா,” என்றாள் பிலோமி. “அதுதான் நிக்க மாட்டேங்கு.”

தொம்மையப்பன் அவளைப் பார்த்தார். தங்கையின் நெற்றி, கண்டக்டரின் மூக்கு. மாமா என்று அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவருக்கு ஒரே ஒரு தங்கைதான்.

“பேர் போடாத ஒண்ணு இந்த வீட்டுல எங்க இருக்கு?” என்றார் அவர். பிறகு அவரே செருப்புகூடப் போடாமல், கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல், படியிறங்கி மழைக்குள் போனார்.

எதிர்வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முற்றத்தில் பாதி தூரம் போனார் தொம்மையப்பன். அதற்கு மேல் போக முடியவில்லை. யாரோ சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுப்பது போல உடம்பு பின்னுக்குச் சாய்ந்தது. குதிகால் சிமென்ட்டுத் தரையில் வழுக்கிக்கொண்டே போய், படிக்கட்டில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். ஊர் அதில் வியக்கவில்லை. மேலத்தெரு முழுக்கத் தேடினாலும் அந்த ஆளைப்போலப் பேர் போட்ட பொருள் வேறு கிடையாது. அது வீட்டுக்குத் திரும்பாமல் என்ன செய்யும். அவர் எழுந்து மறுபடியும் வந்தார். முருங்கைமரத்தைப் பிடித்துக்கொண்டார். கொப்பு ஒடிந்து, கொப்பும் அவருமாக மறுபடி படிக்கு.

அமலோற்பவம் பாடத்தை நிறுத்திவிட்டாள். அண்ணன் அங்கே இழுபடுவதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பிடித்தால் தன் சொல் போகும், பிடிக்காவிட்டால் அண்ணன் போவார். ஒரு கால் எடுத்து வைத்துவிட்டு அவள் நின்ற அந்த நேரத்தில், சிங்கராயன் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்.

மூன்றாவது தடவை இறங்கிவந்து, உடம்பு பின்னுக்குச் சாயத் தொடங்கிய தொம்மையப்பனுக்கு நேராக அவர் கையை நீட்டினார். “கையைக் குடுங்க அண்ணாச்சி.”

தொம்மையப்பன் அந்தக் கையைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. சன்னல் கம்பியில் முகம் பதித்து ஒன்பதாம் வகுப்பு பார்த்தது.

“நின்னு யோசிக்கிறதுக்கு இது ஸ்டாப்பிங் இல்ல. வண்டி ஓடிட்டு இருக்கு.”

தொம்மையப்பன் பிடித்தார். முதலில் விரலை, பிறகு மணிக்கட்டை, பிறகு இரண்டு கையாலும் முழங்கையை. வீடு இழுத்தது. அது சும்மா இழுக்கவில்லை, பரம்பரையாக இழுத்தது, தகப்பனும் தாத்தாவும் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்று வடம் பிடிப்பது போல இழுத்தது. சிங்கராயன் கேட்டுக் கம்பியில் ஒரு காலை முட்டுக் கொடுத்து, கூட்ட நேரத்துப் படிக்கட்டில் தொங்கிப் பழகின உடம்பைப் பின்னுக்கு வளைத்து நின்றார்.

“விரல் நழுவுதே,” என்றார் தொம்மையப்பன். பயந்துபோன குரல் அது. “மாப்ள. மாப்ள, விட்டுராதிய.”

“விடல. நீங்களும் பிடிங்க.”

இழுப்பு நின்றுபோனது. எதிர்பாராமல் நின்றதால் இரண்டு பேரும் சேர்ந்து முற்றத்துத் தண்ணீரில் சாய்ந்தார்கள். தொம்மையப்பன் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் மழையைக் குடித்தார். பிறகு சிங்கராயன் தோளைப் பிடித்து எழுந்து, அந்தத் தோளிலிருந்து கையை எடுக்காமலே, சன்னலுக்கு வெளியே நின்றவளிடம் போனார்.

“அமலி, உள்ள வா.”

“மழை பெய்யுதுன்னா கூப்பிடுதிய?”

வாதாடாமல் ஒரு இடத்துக்கு வருகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தொம்மையப்பனுக்கும் அது தெரியும். அந்த வாயைச் சின்ன வயதில் வளர்த்துவிட்டவரே அவர்தான்.

“மழைக்கு இல்ல,” என்றார். “அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னேன் பாரு, அது தப்பு. உனக்குச் செஞ்சதும் தப்பு, மாப்ளைக்குச் செஞ்சதும் தப்பு. உன்னைப் படிக்க வச்சது நான்தான். ஆனா படிச்சது நீ. இது எனக்கு விளங்க இம்புட்டு நாள் ஆயிட்டு. ரெண்டு பேரும் உள்ள வாங்க.”

அமலோற்பவம் கையில் இருந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாடம் முடியல. பெல் அடிச்சதும் வாரேன்.”

“அதுவரைக்கும்?”

“நில்லுங்க. நல்ல பாடம்தான்.”

அவர்கள் நின்றார்கள். முதலாளி ஒரு பக்கம், கண்டக்டர் ஒரு பக்கம், நடுவில் டீச்சர். வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவில் ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறுவதையும், அது மேலூர் கீழூர் என்று பிரித்துப் பார்க்காமல் வழியில் இருக்கிற எல்லார் மேலும் கொட்டுவதையும், அவள் ஒரு குறிப்பையும் விடாமல் நடத்தினாள். ஆரோக்கியநாதர் மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாரோ என்னவோ, மணி அடிப்பதாகவே இல்லை. பாடம் முடிந்து, அடுத்த பாடமும் கொஞ்சம் நடந்தது. மூன்று பேருக்கும் பற்கள் குளிரில் தந்தியடிக்க ஆரம்பித்தன.

கடைசியில் பிலோமிதான் பொறுமையிழந்தாள். பெஞ்சிலிருந்து இறங்கி, குடைகளுக்கு நடுவே தாண்டித் தாண்டி வந்து, அந்த வீட்டு நிலைவாசலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்தவள் போல நின்றாள்.

“அம்மா, அப்பா, மாமா, மூணு பேரும் உள்ள வாங்க. அத்தை டீ போட்டாச்சு. இன்னும் நின்னியன்னா நாங்களே குடிச்சிருவோம்.”

தொம்மையப்பன் தன் வீட்டு வாசலை அண்ணாந்து பார்த்தார். “என் வீட்டுக்குள்ள வரச் சொல்லி என்னையே கூப்பிடுதா பாரும் மாப்ள.”

“கூப்பிடும்போதே போயிருவோம் மச்சான்,” என்றார் சிங்கராயன், சாக்கை உதறியபடி. “அவ அம்மா பெத்த பிள்ளை. ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டா.”